பச்சை குத்துதல்: குறியும் அதன் உரிமையும்

1. முன்னுரை

உடலில் அழியாக் குறி இடும் வழக்கம் உலகின் பல மக்களினத்தாரிடையே தொன்றுதொட்டு நிலவி வருவதாகும். தமிழர் இதனைப் பச்சை குத்துதல் என்பர். பாட்டியர் காலத்தோடு மறைந்துவிடும் எனக் கருதப்பட்ட இவ்வழக்கம், கடந்த சில பத்தாண்டுகளில் நகர்ப்புற இளையோரிடையே ‘டாட்டூ’ என்னும் பெயரில் மீண்டும் தழைத்துள்ளது. பெயர் மட்டுமன்றி வழக்கத்தின் இயல்பும் மாறியுள்ளது. முன்பு பச்சை குத்துவோரிடம் வழிவழியாக வந்த உருக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றைப் பெண்கள் ஏற்றனர். இன்றோ ஒருவர் தம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல, கலைஞர் அதனைக் கேட்டு அவருக்கென்றே ஓர் உருவைப் புதிதாக வரைகிறார். பலருக்கும் பொதுவாக அமையும் முன்னதைப் ‘பொதுவுருப் பச்சை’ என்றும், ஒருவருக்கென்றே வரையப்படும் பின்னதைத் ‘தனியுருப் பச்சை’ என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

பச்சையின் பொருள் யாது என வினவுவோர் பெரும்பாலும் உருவை நோக்கியே வினவுகின்றனர். தேள் எதனைக் குறிக்கும்? தாமரை எதனைக் குறிக்கும்? இவ்வினாக்களுக்கு விடை தரும் பட்டியல்கள் பல உள. ஆயின், பொருள் உருவில் மட்டும் தங்குவதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். குறியை இடுபவர், ஏற்பவர், அதனைக் கண்டு படிப்பவர் ஆகிய மூவரிடையே நிலவும் உறவே பொருளைத் தோற்றுவிக்கிறது. ஒரே ஊசியும் ஒரே மையும் ஓரிடத்தில் அணியாகவும், ஓரிடத்தில் தண்டனையாகவும், ஓரிடத்தில் விருதாகவும் ஆகின்றன. இவ்வேறுபாட்டை விளக்கத் தமிழகக் குறத்தியின் பச்சை, நீரிணைக் குடியேற்றங்களின் கைதிப் பச்சை, போர்னியோ மக்களின் பச்சை, இன்றைய தனியுருப் பச்சை ஆகிய நான்கினையும் ஒப்புநோக்குவோம்.

2. சொல்லும் மரபும்

பச்சைக்கு இடப்படும் மை கருநிறமுடையது. எனினும் அதற்குப் பச்சை என்றே பெயர். தோலின் மேலடுக்கைக் கடந்து அடியடுக்கில் படியும் கரித்துகளை நாம் தோலின் வழியாகவே காண்கிறோம். ஒளி தோலுக்குள் சிதறுண்டு மீளும்போது கருமை நீலமும் பசுமையும் கலந்த நிறமாகத் தோன்றுகிறது. தமிழ்ச்சொல் பூசிய மையின் நிறத்தைக் குறியாது, உடல் ஏற்றபின் தோன்றும் நிறத்தைக் குறிப்பது கருதத்தக்கது. ‘டாட்டூ’ என்னும் சொல்லோ பசிபிக் தீவுகளின் ‘தாதாவ்’ என்னும் சொல்லினின்று வந்தது. 1769இல் தாகித்தித் தீவை அடைந்த குக் என்னும் மாலுமியின் பயணத்தின் வழியாக அது ஆங்கிலத்தில் பரவியது. மலாய்மொழியில் வழங்கும் ‘தாத்து’வும் அதன் உறவே.

சங்க இலக்கியத்தில் பயிலும் தொய்யிலைச் சிலர் பச்சையின் முன்வடிவமாகக் கொள்வர். தொய்யில் என்பது மகளிரின் தோளிலும் மார்பிலும் சந்தனக்குழம்பு போன்றவற்றால் எழுதப்பட்ட கோலமாகும். அது குத்தப்பட்டதன்று, அழியக்கூடியது. ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் நம் ஆய்வுக்கு உதவும் செய்தி ஒன்று தொய்யிலில் உண்டு. கலித்தொகை காட்டும் அகவாழ்வில் தலைவியின் தோளில் தலைவனே கரும்பின் உருவை எழுதுகிறான். இங்கே இடுபவனும் ஏற்பவளும் காதலால் இணைந்தவர்கள். அக்கோலத்தைப் பிறர் காணின் அவ்வுறவை உணர்வர். உருவைக் காட்டிலும் அதனை எழுதியவர் யார் என்பதே அங்குப் பொருளாகிறது.

பச்சை குத்தும் தொழிலோடு இணைத்துப் பேசப்படும் குறத்திக்குரிய மற்றொரு தொழில் குறி சொல்லுதல் என்பதையும் இவண் நினைவுகூரலாம். ‘குறி’ என்னும் சொல் அடையாளத்தையும் வருங்காலம் உரைத்தலையும் ஒருங்கே சுட்டுகிறது. குறவஞ்சி நாடகங்கள் கையைப் பார்த்துக் குறி சொல்லும் குறத்தியையே பெரிதும் பாடின. ஆயின் வாழ்க்கையில் அவள் கையில் உள்ள குறியைப் படித்தவள் மட்டும் அல்லள். அக்கையில் குறியை இட்டவளும் ஆவாள்.

3. குறத்தியின் பச்சை

தமிழகச் சிற்றூர்களில் பச்சை குத்திய குறவர்குல மகளிரைப் பற்றிய விரிவான பதிவுகளுள் ஒன்று, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் நூலில் உள்ளது. மை ஆக்கும் முறை அக்காலப் பதிவுகளில் விளக்கப்பட்டுள்ளது. மஞ்சள்தூளையும் அகத்தியிலையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவர். ஆமணக்கெண்ணெய் ஊற்றிய விளக்கில் அத்திரியை ஏற்றி, மேலே மண்பானையைக் கவிழ்ப்பர். பானையின் உட்புறத்தில் படியும் கரியைச் சுரண்டி எடுத்துத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தால் மை ஆயத்தமாகும். ஒன்றாகக் கட்டிய தையலூசிகளே கருவி. வலி தோன்றாதிருக்கக் குறத்தி பாடிக்கொண்டே குத்துவாள். கூலியாகச் சிறுகாசோ தானியமோ பெறுவாள்.

இம்முறையில் ஒரு செய்தி நம் கருத்தை ஈர்க்கிறது. மஞ்சள், அகத்தி, ஆமணக்கெண்ணெய், தாய்ப்பால் ஆகிய அனைத்தும் வீட்டிலோ வீட்டுக் கொல்லையிலோ கிடைப்பவை. இவற்றுட் சில தமிழர் மருத்துவத்திலும் இடம்பெறுபவை. எனவே பச்சை, அணி, மருந்து, காப்பு என்னும் மூன்றினையும் ஒருங்கே தழுவியது எனலாம். மூட்டில் இடும் புள்ளி வலியைத் தணிக்கும் என்பதும், தேளுருவை இட்டவரைத் தேள் அண்டாது என்பதும் இந்நோக்கில் தோன்றிய நம்பிக்கைகள். இவற்றுக்கு மருத்துவச் சான்று இல்லை. ஆயின் பச்சையை மக்கள் எவ்வாறு கருதினர் என்பதற்கு இவை சான்றாகும்.

உருக்களுள் தேள், மீன், தாமரை, மயில், விண்மீன், கணவன் பெயர் முதலியன பெருவழக்கின. இவற்றினும் சிறப்புடையது கோலம். முற்றத்தில் மாவால் இடப்படும் புள்ளிக்கோலத்தைப் போலவே முன்கையில் புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் கோட்டால் அமைவது இது. தொடக்கமும் முடிவும் தோன்றாது பின்னிச்செல்லும் அக்கோட்டில் தீய ஆற்றல் சிக்கி வழி தவறும் என நம்பினர். முற்றத்துக் கோலம் வீட்டைக் காப்பதுபோல் முன்கைக் கோலம் உடலைக் காக்கும். முற்றத்துக் கோலத்தை நாள்தோறும் அழித்து இடவேண்டும். முன்கைக் கோலமோ ஒரே முறை இடப்படுவது.

இங்கே உறவு எவ்வாறு அமைகிறது? உரு குறத்தியுடையது. ஏற்பது பெண், பெரும்பாலும் தாயோ பாட்டியோ அழைத்துச் சென்று அவளை அமர்த்துவர். படிப்பவர் ஊரார். அவர்களுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. முன்கையைக் கண்டமட்டில் இவள் வளர்ந்த பெண், இன்னாரின் மனைவி என்பன போன்ற செய்திகளை ஊரார் அறிவர். பொதுவுருப் பச்சையின் வலிமை இதுவே. சொல்லாமலே விளங்குவது அது. அதன் குறை, ஏற்பவளின் விருப்பத்துக்கு அதில் இடம் குறைவு என்பதாகும்.

இதனோடு ஒரு வரலாற்று முரணையும் குறிப்பிடல் வேண்டும். பிறர் உடலில் மங்கலக்குறி இட்ட குறவருட் பல பிரிவினரை, 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஆங்கில அரசு குற்றப்பரம்பரையினர் எனப் பதிவு செய்தது. ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த அவர்களுக்கு நடமாட்டமே குற்றமாயிற்று. தொழில் நலிந்தமைக்கு நாகரிக மாற்றம் மட்டும் காரணம் அன்று.

4. நெற்றியில் எழுதிய தண்டனை

இந்தியப் பச்சை மரபு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த வழிகளுள் ஒன்று பலரும் அறியாதது. அது கைதிகளின் நெற்றி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கிழக்கிந்தியக் கும்பினி இந்தியக் கைதிகளைப் பினாங்குக்கு நாடுகடத்தியது. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் வந்திறங்கினர். அவர்களுள் சென்னை மாகாணத்தினரும் வங்காளத்தினரும் இருந்தனர். சாலை அமைத்தல், சதுப்புநிலம் தூர்த்தல், கட்டடம் எழுப்புதல் ஆகிய பணிகளைக் கைதிகளே செய்தனர். சிங்கப்பூர்ப் புனித அந்திரேயர் பேராலயம் அவர்கள்தம் உழைப்பால் எழுந்ததாகும். சிங்கப்பூரின் கைதிநிலையம் 1873இல் மூடப்பட்டது.

வட இந்தியாவில் பச்சை குத்துதலுக்குக் ‘கோத்னா’ என்பது பெயர். கும்பினி அரசு வங்காள, சென்னை மாகாணங்களில் இதே கோத்னாவைத் தண்டனையாக ஆக்கியது. கைதியின் பெயர், அவர் செய்த குற்றம், தீர்ப்பு நாள் முதலியவற்றை அவர் நெற்றியில் பச்சையாகக் குத்தினர். 1849இல் சட்டத்தின் வழி இது நிறுத்தப்பட்டது. அதற்கு முன் குறியிடப்பட்டவர்கள் அக்குறியோடே நீரிணைக் குடியேற்றங்களில் வாழ்ந்தனர். வரலாற்றாசிரியர் கிளேர் ஆண்டர்சன் 2004இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டியும், முடியை நெற்றியில் வழியவிட்டும் கைதிகள் அக்குறியை மறைத்தனர் என்பதைப் பதிவுகளால் அறிகிறோம்.

இங்கு நாம் காண்பது குறத்தியின் பச்சைக்கு நேர்மாறான நிலை. கருவி அதுவே; தொழில் அதுவே. ஆயின் இடுபவர் அரசு, ஏற்பவருக்கு இசைவு இல்லை, படிப்பவர் காவலர். முன்கைக் கோலத்தை ஒருத்தி நீட்டிக் காட்டினாள். நெற்றி எழுத்தை ஒருவன் மறைத்துக்கொண்டான். தலையெழுத்து என நாம் உவமையாக வழங்குவதை அரசு மெய்யாகவே நெற்றியில் எழுதியது. மங்கலக்குறி எனப் பெண்கள் விரும்பி ஏற்ற ஒன்று தண்டனைக்குப் பயன்பட்டமையால், அவ்வழக்கமே இழிவுற்றது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதன் மென்மையான வடிவம் ஒப்பந்தக்கூலி முறையிலும் தொடர்ந்தது. பிஜித் தீவுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளரின் பயணச்சீட்டில் உடற்குறிகளைப் பதிவதற்கு ஓர் இடம் இருந்தது. தாய்வீட்டு நினைவாக ஒருத்தி சுமந்து சென்ற பச்சையை எழுத்தர் ஆளை அடையாளம் காணும் வழியாக மட்டுமே பார்த்தார். குறி ஒன்றே; படிப்பவர் மாறவே பொருளும் மாறிற்று.

5. ஈட்டிப் பெறும் பச்சை

மலேசிய வாசகருக்கு அண்மையிலுள்ள மற்றொரு மரபு சரவாக் மாநிலத்தது. ஈபான் ஆடவரின் இரு தோள்களின் முன்புறத்திலும் இடப்படும் ‘புங்ஙாய் தெரோங்’ என்பது கத்தரிப்பூவின் உருவாகும். அதன் நடுவில் உள்ள சுருள் ‘தாலி ஞாவா’, அதாவது உயிர்க்கயிறு, எனப்படும். தலைப்பிரட்டையின் தோலினூடே தெரியும் குடலின் சுருளை ஒத்த அது, புதுவாழ்வின் தொடக்கத்தைக் குறிக்கும். இளைஞன் பிறந்த நீள்வீட்டை விட்டு உலகறியப் புறப்படும் ‘பெஜாலாய்’ என்னும் பயணத்தோடு இப்பச்சை தொடர்புடையது. இரு தோள்களிலும் இணையாக இடுவதே மரபு. பயணத்தில் கண்டதும் செய்ததும் பின்னர் உடலின் பிற இடங்களில் பச்சையாகச் சேரும். நெசவில் தேர்ந்து ‘புவா கும்பு’ என்னும் சடங்குத்துணியை நெய்யவல்ல பெண்டிரும் தம் கைகளில் பச்சை பெற்றனர். எனவே ஈபான் ஒருவரின் உடல் அவர்தம் வாழ்க்கை வரலாறு.

கயான் மக்களிடையே பச்சை மகளிர்க்குச் சிறப்பாக உரியது. சார்ல்ஸ் ஹோஸ் முதலியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைப் பதிவு செய்தனர். பச்சை இடுபவர் பெண். தொழில் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்கு வரும். மரத்தில் செதுக்கிய அச்சை மையில் தோய்த்துத் தோலில் ஒற்றி, அதன் வழியே ஊசிக்கோலை மற்றொரு கோலால் தட்டிக் குத்துவர். விதைப்புக் காலத்திலும், வீட்டில் பிணம் கிடக்கும்போதும் இடுவதில்லை. ஒரே முறையில் முடிப்பதில்லை. கை, கால், தொடை என ஆண்டுகள் சில கடந்து நிறைவுறும். தாயாவதற்குமுன் முடித்துவிடல் வேண்டும். இறந்தபின் மறுவுலக இருளில் இப்பச்சையே பந்தமாக ஒளிதரும் என்பது அவர்தம் நம்பிக்கை.

இறப்புக்குப் பின்னும் உடன்வருவது பச்சை ஒன்றே என்னும் கருத்து நடு இந்தியப் பைகா மக்களிடமும் உண்டு. பொன்னும் மணியும் கழற்றப்படும். பச்சையைக் கழற்ற இயலாது. இருவேறு நிலப்பகுதி மக்கள் ஒரே எண்ணத்தை அடைந்தமைக்கு ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றனர் என்று கூற வேண்டியதில்லை. குறியின் அழியாத்தன்மையே இருவருக்கும் இவ்வெண்ணத்தைத் தந்திருத்தல் கூடும்.

இம்மரபுகளில் பச்சை விலைகொடுத்துப் பெறும் பொருள் மட்டுமன்று, தகுதியால் பெறுவது. உருவைத் தேர்பவர் கலைஞரும் அல்லர், ஏற்பவரும் அல்லர்; ஏற்பவர் வாழ்ந்த வாழ்வே தேர்கிறது. ஆகவேதான் புங்ஙாய் தெரோங்கைச் சுற்றுலாப் பயணி ஒருவர் ஒரு தோளில் மட்டும் அழகுக்காக இட்டுக்கொள்ளும்போது மரபறிந்தோர்க்கு அது நெருடுகிறது. பொருள் தெரியாமை மட்டும் அன்று அங்குள்ள குறை. பயணம் செய்யாமல் பயணக்குறி பெற்றமையே குறை.

6. தனியுருப் பச்சை: கலைஞரின் புதுநிலை

இயந்திரத்தின் வருகை பச்சையை விரைவுபடுத்தியது. எடிசனின் மின்எழுதுகோலை அடியொற்றி நியூயார்க் நகரத்துச் சாமுவேல் ஓரைலி 1891இல் மின்னூசிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் மேலைநாட்டுக் கடைகளில் சுவரெங்கும் மாதிரிப் படங்கள் தொங்கின. வந்தவர் ஒன்றைச் சுட்டிக்காட்டிப் பெற்றுச் சென்றார். குறத்தியின் உருத்தொகுதிக்கும் இச்சுவருக்கும் ஒருவகை ஒப்புமை உண்டு. இரண்டும் பொதுவுருக்களே. ஆயின் குறத்தியின் உருக்களை ஊர் அறியும். சுவரின் உருக்களுக்கு அத்தகைய ஊர் இல்லை. அவ்வெற்றிடத்தை நிரப்ப எழுந்ததே தனியுருப் பச்சை எனக் கருதலாம்.

தனியுருப் பச்சையில் முதற்கட்டம் உரையாடல். ஏற்பவர் தம் எண்ணத்தைச் சொல்கிறார். கலைஞர் வரைகிறார், இருவரும் திருத்துகின்றனர். பின்னர்ப் படியெடுதாளால் உருவைத் தோலில் ஒற்றி, தசையின் வளைவுக்கும் மூட்டின் அசைவுக்கும் அது பொருந்துகிறதா எனப் பார்க்கின்றனர். இறுதியில்தான் ஊசி. தாய் இறந்த நாள், குழந்தையின் கைரேகை, பிறந்த ஊரின் மலை, நோயினின்று மீண்டதன் நினைவு எனப் பொருள் விரிகிறது. உரு எளிதாக இருக்கும். அதன் பின்னுள்ள செய்தி பெரிதாக இருக்கும். ஊரார் இதனைப் பார்த்தவுடன் படிக்க இயலாது. உடையவர் சொன்னாலன்றி விளங்காத குறி இது. பொதுவுருப் பச்சையில் ஊரின் கையில் இருந்த பொருள் இங்கே ஏற்பவரின் வாய்மொழிக்கு மாறியுள்ளது.

இந்நிலையில் கலைஞர் வெறும் கைவினைஞர் அல்லர், உரையாசிரியரைப் போன்றவர். இதற்கு இந்தியாவில் சிறந்த சான்று மணிப்பூரைச் சார்ந்த மொரங்கம் காலிங். மோ நாகா என்னும் பெயரால் அறியப்படும் இவர் உய்ப்போ நாகர் இனத்தவர். ஐதராபாத்தில் உடைவடிவமைப்புக் கல்வி பயின்றவர். நாகருள் ஒரு பிரிவினரான கொன்யாக்கரிடையே, போரில் பகைவர் தலையைக் கொண்டுவந்த வீரனே முகத்தில் பச்சை பெறும் உரிமை உடையவன். அதனை இடுபவர் தலைவரின் மனைவி. இருபதாம் நூற்றாண்டில் தலைவேட்டை ஒழிந்தது, கிறித்தவம் பரவியது, பச்சை இடுவதும் நின்றது. கொன்யாக் முதியோரின் பச்சைகளையும் வாய்மொழிகளையும் தொகுத்துப் பேஜின் கொன்யாக் 2017இல் நூலாக்கினார். இனி அவ்வுருக்களை என்செய்வது? தலைவேட்டையை மீட்க இயலாது, மீட்கவும் கூடாது. தகுதியின்றி அப்படியே படியெடுத்தால் அது பொய்க்குறி. முற்றிலும் கைவிட்டாலோ ஓர் அறிவு அழியும்.

மோ நாகா மேற்கொண்ட வழி மூன்றாவது. நாகர்தம் பழம்பச்சை, நெசவு, மரச்செதுக்கு ஆகியவற்றில் உள்ள கோடுகளையும் அவற்றின் ஒழுங்கையும் கற்று, அவற்றினின்று இக்காலத்தவர்க்கு ஏற்ற புதிய உருக்களை வரைந்தார். இதனை இலக்கணம் கற்றுப் புதுச்செய்யுள் யாப்பதற்கு ஒப்பிடலாம். பழஞ்செய்யுளை எடுத்துத் தன்னுடையதெனச் சொல்வதன்று. யாப்பை அறிந்து தன் பொருளைப் பாடுவது. அவர் டில்லியில் நிறுவிய கலையிடத்துக்கு இட்ட பெயர் ‘கோத்னா கிராம்’, பச்சைச் சிற்றூர் என்பது பொருள். நீரிணைக் குடியேற்றக் கைதிகள் தலைப்பாகையால் மறைத்த அதே சொல் இன்று ஒரு கலையகத்தின் பெயராக நிமிர்ந்து நிற்பது வரலாற்றின் குறிப்பிடத்தக்க திருப்பமாகும். சரவாக்கிலும் எர்னெஸ்டோ கலும் முதலிய ஈபான் கலைஞர்கள் கைத்தட்டு முறைக்குப் புத்துயிர் அளித்துள்ளனர்.

தமிழரிடையே இத்தகைய முயற்சிக்கு நல்ல வாய்ப்பு உண்டு. கோலப்பச்சைக்குப் புள்ளி, கம்பி, சுழி என்னும் தெளிந்த இலக்கணம் உள்ளது. அதனைக் கற்ற கலைஞர் ஒருவர், பாட்டியின் கோலத்தைப் படியெடுக்காமல் பேத்திக்கென ஒரு கோலத்தை அமைக்க இயலும்.

7. தமிழெழுத்தும் தமிழாசிரியரும்

தமிழர் இன்று வேண்டும் தனியுருக்களுள் தமிழெழுத்துக்குச் சிறப்பிடம் உண்டு. பெற்றோர் பெயர், குறட்சொல், இறைவன் பெயர் ஆகியன மிகுதி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பச்சை இடும் கலைஞர் தமிழ் அறியாதவராகவும் இருக்கலாம். ஏற்பவரும் பேச்சுத்தமிழ் மட்டுமே அறிந்தவராக இருக்கலாம். இவ்விருவருக்கும் இடையே மூன்றாமவராகத் தமிழாசிரியர் தேவைப்படுகிறார். “ஐயா, இது சரிதானா?” என மாணவர் கைப்பேசியில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்பது பாடத்துக்குப் புறம்பான ஐயம் அன்று. விடைத்தாளில் நேரும் பிழையைச் சிவப்பு மையால் திருத்தலாம். தோலில் நேரும் பிழையை அவ்வாறு திருத்த இயலாது.

கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, புள்ளி. தமிழறியாத கண்ணுக்குப் புள்ளி அணியாகவோ அழுக்காகவோ தோன்றும். அது விடுபடின் ‘வேல்’ ‘வேல’ ஆகும். ‘அம்மா’ ‘அமமா’ ஆகும்.

இரண்டாவது, கொம்பு. தமிழ் ஒருங்குறியை முறையாக ஏற்காத வடிவமைப்புச் செயலிகளில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன் நில்லாமல் பின் நிற்கும். ‘தேவன்’ என உள்ளிட்டது ‘தவேன்’ எனத் தோன்றும். கலைஞர் திரையில் கண்டதை அப்படியே வரைவார். எனவே செயலியிலிருந்து எடுத்த படத்தை நம்பாமல், கையால் எழுதிக் கொடுத்து ஒப்பிடச் செய்தல் நன்று.

மூன்றாவது, மயங்கொலி எழுத்து. ‘மனம்’, ‘மணம்’ இரண்டும் பொருளுடைய சொற்களாதலால் எந்தச் சொல்திருத்தியும் தவறெனக் காட்டாது. ரகர, றகரங்களுக்கும் லகர, ளகர, ழகரங்களுக்கும் இது பொருந்தும். ஏற்பவர் நினைத்த பொருளைக் கேட்டறிந்தே எழுத்தை உறுதிசெய்ய இயலும்.

நான்காவது, அளவு. ஆண்டுகள் செல்லச்செல்ல மை சிறிது பரவும். சுழியும் கண்ணும் மிகுந்த தமிழெழுத்துகளைச் சிறிதாக இட்டால் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரட்டைச்சுழிக் கொம்பு ஒற்றைக்கொம்பு போலத் தெரியும். எழுத்தின் உள்வெளி அடையாதபடி போதிய அளவில் இடுமாறு அறிவுறுத்த வேண்டும்.

ஆசிரியர் பச்சையை ஆதரிப்பவராக இருக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. வயதுவரம்பு, பெற்றோர் இசைவு, தூய்மை, சமயநெறி ஆகியன தனித்து எண்ணவேண்டியவை. எனினும் தம் உடலில் எழுதிக்கொள்ள ஓர் இளைஞர் தமிழைத் தேர்கிறார் எனின், அத்தமிழ் பிழையற்று அமைய உதவுதல் ஆசிரியரின் கடமைக்கு உட்பட்டதே.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், பச்சையின் பொருள் உருப்பட்டியலில் அடங்குவதன்று எனத் தெளிகிறோம். குறத்தியின் பச்சையில் பொருளை ஊர் தந்தது. கைதியின் நெற்றியில் அரசு திணித்தது. ஈபான், கொன்யாக் மரபுகளில் வாழ்ந்த வாழ்வு ஈட்டியது. தனியுருப் பச்சையில் ஏற்பவர் தாமே தருகிறார். இந்த உரிமை மாற்றத்தை உணராமல் பழம்பச்சையை மூடநம்பிக்கை என்பதும், புதுப்பச்சையை மேலைநாட்டுப் போலி என்பதும் ஆராய்ச்சி ஆகா.

2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளின் தோலில் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். மையை ஏந்தி நிற்கும் தோலணுக்கள் இறக்கும்போது, அவை விடும் மையைப் புதிதாக வரும் அணுக்கள் ஏந்திக்கொள்கின்றன. உடலில் பச்சை நிலைப்பதற்கு இதுவும் காரணமாகிறது. உடலுக்குள் நிகழும் இக்கைமாற்றம் உடலோடு நின்றுவிடும். ஒருவர் மறைந்தால் அவர் பச்சையும் மறையும். ஓலைச்சுவடியைப் போல அதனை எடுத்து வைக்க இயலாது.

தோட்டப்புறங்களில் வாழ்ந்து இன்று நகர்களில் பிள்ளைகளோடு வசிக்கும் மூதாட்டியர் சிலரின் முன்கைகளில் இன்னும் கோலங்கள் உள்ளன. அவற்றைத் தொகுக்கும் பணியை இந்திய ஆய்வியல் துறை மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் மேற்கொள்ளலாம். உரு, அதற்கு அவர்கள் வழங்கும் பெயர், இட்டவர் யார், எந்த ஊரில் எந்த வயதில் எதற்காக இடப்பட்டது ஆகிய செய்திகளை அவர்தம் இசைவோடு பதிவு செய்தல் வேண்டும். படம் மட்டும் எடுத்து வருதல் பிஜிப் பயணச்சீட்டின் எழுத்தர் செய்த வேலையாகவே முடியும். அவர்கள் வாயால் சொல்லும் செய்தியையும் சேர்த்து எழுதினால்தான் பொருள் நம் கைக்கு வரும். இப்பணிக்கு உள்ள காலம் சில ஆண்டுகளே.